கைக்கு 18 நிமிடம், இயந்திரத்துக்கு 70 நிமிடம்: ஒரு நாள் சி.பி.ஆர். வகுப்பு குறித்து

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துச் சுருக்கி எழுதுவது என் தொழில். இதயம் நின்றுபோனவரை மீட்கும் முறைகளைப் பற்றிய கட்டுரைகள் மட்டுமே என் மேசையில் ஓர் அடுக்காகச் சேர்ந்திருக்கின்றன. ஆனால் கடந்த ஆண்டு வரை, மனித நெஞ்சு இருக்கட்டும், ஒரு பொம்மையின் நெஞ்சில்கூட நான் கை வைத்து அழுத்தியதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று மனைவி சொல்லிக்காட்டிய பிறகு, தனியார் நிறுவனம் ஒன்று நடத்தும் ஒரு நாள் சி.பி.ஆர். (இதயம் நின்றவரை நெஞ்சை அழுத்தி மீட்கும் முதலுதவி) வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தேன். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. இதே அச்சில் வார்த்த வகுப்புகளைப் பலரும் நடத்துகிறார்கள் என்பதால், அப்படியொன்றில் சேர எண்ணியிருப்பவருக்கு எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று தெரியட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

வகுப்பில் பன்னிரண்டு பேர், மூன்று பொம்மைகள், இரண்டு பயிற்றுநர்கள். இடைவேளைகள் போக 390 நிமிடம் பாடம் நடந்தது. பழக்க தோஷத்தால் எந்தப் பகுதி எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டே வந்தேன். இதயத்தின் அமைப்புக்கு 60 நிமிடம், நெஞ்சழுத்தப் பயிற்சிக்கு 100, செயற்கை மூச்சுக்கு 40, மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவிக்கு 25, நெஞ்சை அழுத்தும் இயந்திரத்துக்கு 70, மருந்துக்கும் சுவாசக் குழாய்க்கும் 50, தேர்வுக்கு 45. ஒரு பொம்மைக்கு நான்கு பேர் என்பதால், அந்த நூறு நிமிடத்தில் என் கை பொம்மையின் மேல் இருந்தது 18 நிமிடம்தான். ஒரு வகுப்பை எடைபோட எனக்குத் தெரிந்த வழி ஒன்றே: ஆதாரம் கனமாக உள்ள இடத்தில் நேரம் செலவாகியிருக்கிறதா என்று பார்ப்பது. அந்தக் கணக்கில் இந்த வகுப்பு பாதிதான் தேறுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பும் இதயத்துடிப்பு நின்றுபோவதும் ஒன்றல்ல என்பதை முதல் மணி நேரத்திலேயே மூத்த பயிற்றுநர் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். முன்னது இரத்தக்குழாய் அடைபடுவது, அதில் நோயாளி பெரும்பாலும் நினைவோடு பேசிக்கொண்டிருப்பார். பின்னதில் இதயம் இரத்தத்தைத் தள்ளுவதையே நிறுத்திவிடுகிறது, சில நொடிகளில் நினைவு போய்விடுகிறது. படித்தவர்களே குழப்பிக்கொள்ளும் இடம் இது. அடுத்த பாராட்டு பொம்மைகளுக்கு. மூன்றும் புதியவை. தோள்பட்டை ஓரத்தில் சிறு விளக்குகள் உண்டு, அருகில் ஒரு திரையில் ஆழமும் வேகமும் எண்களாக ஓடும். 5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் மஞ்சள், சரியானால் பச்சை, கையை முழுதாகத் தளர்த்தாமல் நெஞ்சின் மேலேயே சாய்ந்திருந்தால் சிவப்பு.

இந்தப் பொம்மை வமிசத்துக்கே ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. 1960-இல் நார்வேயைச் சேர்ந்த பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் செய்த முதல் பயிற்சி பொம்மைக்கு, பாரிஸ் நகரின் செயின் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் பெயர் தெரியாத பெண்ணொருத்தியின் முக அச்சை வைத்தார்கள். அதே ஆண்டில்தான் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவரும், நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே இரத்த ஓட்டத்தை உண்டாக்க முடியும் என்று 20 நோயாளிகளை வைத்து எழுதினார்கள். நாய்களை வைத்துச் சோதித்தபோது, மின்தகடுகளை நெஞ்சில் வைத்து அழுத்தினாலே இரத்த அழுத்தம் ஏறுவதை நிக்கர்பாக்கர் கவனித்ததுதான் தொடக்கம். எங்கும், எவரும், இரண்டு கைகளை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தொடங்கலாம் என்பதே அந்தக் கட்டுரையின் சாரம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வந்த ஆய்வுகளில் பெரும்பகுதி, அந்த இரண்டு கைகளைவிட மேலான ஒன்றைத் தேடிய கதைதான்.

கைகள் உண்மையில் என்ன செய்கின்றன என்று எவரும் நெடுங்காலம் அளந்து பார்க்கவில்லை. அளந்தபோது வெட்கப்பட வேண்டியதாயிற்று. 2005-இல் விக் என்பவரின் தலைமையில் ஸ்டாக்ஹோம், லண்டன், நார்வேயின் ஆக்கர்ஷுஸ் ஆகிய இடங்களில் 176 நோயாளிகளிடம் ஆம்புலன்ஸ் பணியாளர்கள் செய்ததைப் பதிவு செய்தார்கள். நாடித்துடிப்பு இல்லாத நேரத்தில் ஏறத்தாழ பாதி, அதாவது நூற்றுக்கு 48 பங்கு, நெஞ்சில் யாருடைய கையும் இல்லாமலே கழிந்திருந்தது. கை இருந்தபோதும் சராசரி ஆழம் 34 மில்லிமீட்டர்தான். அன்றைய விதி கேட்டதோ 38 முதல் 51. இவர்கள் முறையாகப் பயின்றவர்கள், தினமும் இதே வேலையைச் செய்பவர்கள். அந்தக் கட்டுரையைப் பலமுறை படித்திருந்தும், பொம்மையின் முன் மண்டியிட்ட பிறகுதான் அந்த 34 எப்படி வந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது.

முதல் நிமிடம் எனக்கு எல்லாம் பச்சையாகவே எரிந்தது. முழங்கையை மடக்காமல், தோளை நெஞ்செலும்புக்கு நேர் மேலே கொண்டுவந்து, உடல் எடையை இறக்கினால் போதும், கைத்தசைக்கு வேலையே இல்லை என்று இளைய பயிற்றுநர் காட்டிய விதம் அருமை. ஒன்றரை நிமிடம் கடந்தபோது அதே வேகத்தில், அதே ஆழத்தில் அழுத்திக்கொண்டிருப்பதாகவே நினைத்தேன். நெற்றி வியர்வை பொம்மையின் கழுத்தில் சொட்டியதைத் தவிர வேறு மாற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. “சார், விளக்கப் பாருங்க” என்றார் அவர். மஞ்சள். திரையில் 43 மில்லிமீட்டர். களைப்பை உடம்பு உணர்வதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடுகிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்வதற்குக் காரணம் இதுதான். எத்தனை கட்டுரை படித்தாலும் இந்த ஒரு மஞ்சள் விளக்கு தந்த தெளிவு எனக்குக் கிடைத்திருக்காது. கட்டிய பணத்துக்கு இதுவே ஈடு.

ஆழத்துக்கு மேல்வரம்பும் உண்டு என்பதைப் பயிற்றுநர்கள் சொல்லத் தவறினார்கள். “எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது” என்றே இருவரும் சொன்னார்கள். 2014-இல் ஸ்டீல் குழுவினர் 9,136 நோயாளிகளின் பதிவுகளை அலசியபோது, உயிர் பிழைத்தவர் விகிதம் உச்சத்தைத் தொட்டது 45.6 மில்லிமீட்டர் ஆழத்தில். 40 முதல் 55 வரையிலான ஆழத்தைப் பொருத்தமான எல்லையாக அவர்கள் கண்டார்கள். அதனால்தான் 2015-க்குப் பிந்தைய நெறிகள் 5 சென்டிமீட்டர் என்பதோடு நிறுத்தாமல், 6-ஐத் தாண்டாதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்கின்றன. கையால் 5-க்கும் 6-க்கும் வேறுபாடு காண்பது எளிதன்று என்பது உண்மைதான். களைத்துப்போன சாமானியர் ஆழம் குறைத்தே அழுத்துவார் என்பதால், கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்வதில் தீங்கில்லை என்று பயிற்றுநர் கருதியிருக்கலாம். ஆனால் அதைக் காரணத்தோடு சொல்லியிருக்க வேண்டும்.

வேகத்தில் நடந்தது அதைவிட மோசம். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்று பலகையில் எழுதிவிட்டு, தாளம் பிடிக்க உதவுவதாக மூத்த பயிற்றுநர் கைதட்டினார். எனக்குச் சந்தேகம் தட்டியதால் கடிகாரத்தை வைத்து எண்ணினேன். 15 நொடியில் 34 தட்டு, அதாவது நிமிடத்துக்கு 136. உற்சாகத்தில் எவருக்கும் தாளம் ஓடிவிடும். சிக்கல் என்னவென்றால், வேகம் கூடக் கூட ஆழம் குறைகிறது, நெஞ்சு முழுதாக மேலெழுந்து இதயத்தில் இரத்தம் நிரம்பவும் நேரம் போதாமல் போகிறது. இட்ரிஸ் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஆழமும் பிறவும் கணக்கில் கொள்ளப்பட்ட பிறகு, 100 முதல் 119 வரை அழுத்தப்பட்டவர்களே அதிகம் பிழைத்திருந்தார்கள். கைபேசியில் தாளம் தட்டும் ஒரு மெட்ரோனோம் செயலியை 110-இல் ஓட விட்டிருந்தால் இந்தத் தவறு நேர்ந்திருக்காது. இடைவேளையில் இதைப் பணிவாகச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அடுத்த சுற்றிலும் அதே தட்டுதான்.

விளக்கு எரியும் பொம்மையை இவ்வளவு புகழ்ந்துவிட்டேன் என்பதால் ஓர் எச்சரிக்கையும் தேவை. இதே வகைக் கருவியை நோயாளியின் நெஞ்சிலேயே வைத்து, அழுத்துபவருக்கு உடனுக்குடன் திருத்தம் சொன்னால் உயிர் பிழைப்பவர் கூடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ஹாஸ்ட்லர் தலைமையில் வட அமெரிக்காவில் 1,586 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. அழுத்தத்தின் தரம் சற்றே உயர்ந்தது, இதயத்துடிப்பு திரும்பியவர் விகிதமோ திருத்தம் சொன்ன பிரிவிலும் சொல்லாத பிரிவிலும் 44, 45 விழுக்காடு என்று பக்கத்தில் பக்கத்தில் நின்றது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களிலும் 11-க்கும் 12-க்கும் உள்ள வேறுபாடுதான். மென்மையான மெத்தையின் மேல் அழுத்தும்போது, மெத்தை அமுங்குவதையும் சேர்த்து நெஞ்சு அமுங்கியதாகக் கணக்கிட்டு ஏமாற்றும் கருவிகளும் உண்டு. ஆகவே இந்த விளக்குகளின் மதிப்பு பயிற்சிக் கூடத்தில்தான், ஆபத்து வேளையில் அவை மந்திரமாகிவிடுவதில்லை.

செயற்கை மூச்சுக்கு ஒதுக்கிய 40 நிமிடத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்ற கணக்கை ஒழுங்காகச் சொல்லித்தந்தார்கள். பொம்மையின் வாயைத் துடைக்க ஆளுக்கொரு துணியும் தந்தார்கள். வெறும் அழுத்தம் போதுமா என்று ஒரு பெண்மணி கேட்டதற்கு மட்டும் மழுப்பலான பதில் வந்தது. தொலைபேசியில் அவசர மைய ஊழியர் சொல்லச் சொல்லப் பக்கத்திலிருப்பவர் செய்யும் முதலுதவியைப் பொறுத்தவரை இதற்கு நேரான பதில் உண்டு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டு 2000-இலும் 2010-இலும் வந்த மூன்று ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், பெரியவர்களில் வெறும் அழுத்தம் பெற்றவர்களில் 14 விழுக்காட்டினரும், மூச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் 12 விழுக்காட்டினரும் பிழைத்தார்கள். முகத்தோடு முகம் வைக்கத் தயங்கி ஒன்றுமே செய்யாமல் நிற்பதைவிட அழுத்துவது எவ்வளவோ மேல். குழந்தைகளுக்கும் நீரில் மூழ்கியவர்களுக்கும் மட்டும் இந்தச் சலுகை பொருந்தாது, ஏனெனில் அங்கே பெரும்பாலும் மூச்சு நின்ற பிறகே இதயம் நிற்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களை அந்தப் பெண்மணிக்குச் சொல்லியிருந்தால் அவர் தெளிவோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

மதியத்துக்குப் பிறகு மேசை மேல் ஒரு பெரிய கறுப்புப் பை வந்து இறங்கியது. உள்ளே லூகாஸ் இயந்திரம். முதுகுக்கடியில் ஒரு பலகை, அதில் மாட்டிக்கொள்ளும் இரண்டு கைகள், நடுவில் நெஞ்சை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போய்வரும் உலக்கை போன்ற தண்டு. பொத்தானை அழுத்தியதும் அது எழுப்பிய தட் தட் ஓசையில் வகுப்பே வாயடைத்து நின்றது. கைபேசிகள் உயர்ந்தன. களைப்பே அறியாத கை, நிமிடத்துக்கு 102, ஒவ்வொரு முறையும் அதே ஆழம். “மனுஷன் கை எல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல” என்றார் பயிற்றுநர். காலையில் அந்த மஞ்சள் விளக்கைப் பார்த்த பன்னிரண்டு பேருக்கும் அது அப்பட்டமான உண்மையாகவே பட்டிருக்கும். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் பட்டது.

ஆனால் இந்த நம்பிக்கையை மூன்று பெரிய ஆய்வுகள் நேருக்கு நேர் சோதித்துவிட்டன. 2014-இல் வெளிவந்த லிங்க் ஆய்வில் 2,589 நோயாளிகள். நான்கு மணி நேரம் கடந்தும் உயிரோடிருந்தவர்கள் இயந்திரப் பிரிவில் 23.6 விழுக்காடு, கைப் பிரிவில் 23.7 விழுக்காடு. பிரிட்டனில் நடந்த பாராமெடிக் ஆய்வு 2015-இல் வந்தது. 4,471 பேரில், 30 நாள் கழித்து உயிரோடிருந்தவர்கள் இயந்திரப் பிரிவில் 6 விழுக்காடு, கைப் பிரிவில் 7. பட்டையால் நெஞ்சைச் சுற்றி இறுக்கும் ஆட்டோபல்ஸ் என்னும் இன்னொரு வகை இயந்திரத்தை வைத்து 4,231 பேரிடம் நடந்த சர்க் ஆய்வு, இயந்திரமும் தரமான கையும் சமம் என்றே முடித்தது. அதே ஆட்டோபல்ஸை வைத்து முன்பு நடந்து 2006-இல் வெளிவந்த ஆஸ்பயர் என்னும் ஆய்வோ பாதியிலேயே நிறுத்தப்பட்டது. வீடு திரும்பியவர்கள் கைப் பிரிவில் 9.9 விழுக்காடாக இருக்க, இயந்திரப் பிரிவில் 5.8 மட்டுமே இருந்ததுதான் காரணம்.

களைப்பில்லாத கை ஏன் தோற்கிறது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. இயந்திரத்தைப் பையிலிருந்து எடுத்து, நோயாளியைத் தூக்கி, பலகையைச் செருகி, கைகளை மாட்டி, தண்டைச் சரியான இடத்தில் நிறுத்தும் வரை நெஞ்சில் அழுத்தம் நின்றுபோகிறது, அல்லது அரைகுறையாகிறது. அதுவும் முதல் சில நிமிடங்களில், எந்தத் தடங்கலும் கூடாத வேளையில். வகுப்பில் பயிற்சி பெற்ற இருவர் மாட்டியபோது நான் எண்ணினேன்: 41 நொடி. அதில் 26 நொடி பொம்மையின் நெஞ்சில் எவருடைய கையும் இல்லை. இதற்கு மேல், ஒப்பீட்டில் இருந்தவை என்னுடைய மஞ்சள் விளக்குக் கைகள் அல்ல. ஆய்வில் இருக்கிறோம் என்று தெரிந்த, மாறி மாறி அழுத்திய பணியாளர்களின் கைகள். பாராமெடிக் ஆய்வில் இன்னொரு குறையும் இருந்தது. இயந்திரப் பிரிவில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்குத்தான் உண்மையில் இயந்திரம் பொருத்தப்பட்டது. ஆகவே இயந்திரம் பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஓடும் ஆம்புலன்ஸில் நின்றபடி அழுத்துவது பணியாளருக்கே ஆபத்து. இரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் மேசையிலோ, நெடுநேரம் மீட்பு நடக்க வேண்டிய வேளையிலோ இதற்கு இணை இல்லை. கூடத்தில் தெருவில் நடந்து போகும் சாமானியர்களாக அமர்ந்திருந்த பன்னிரண்டு பேருக்கு அது எதற்கு, அதுவும் 70 நிமிடம், என்பதுதான் என் கேள்வி. அதில் ஐந்து நிமிடம் போதும். மீதி 65-ஐப் பொம்மையின் மேல் செலவிட்டிருந்தால் ஆளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

மருந்துப் பகுதியும் சாமானியருக்குத் தேவையற்றதுதான். ஆனால் அங்கே சொன்னது பாதி உண்மை என்பதால் குறிப்பிட வேண்டியிருக்கிறது. அட்ரினலின் நின்ற இதயத்தை ஓட வைக்கும் என்று திரையில் பெரிதாக எழுதியிருந்தார்கள். ஓட வைக்கிறது, மறுப்பதற்கில்லை. பிரிட்டனில் 8,014 நோயாளிகளுக்கு, ஊசியில் இருப்பது அட்ரினலினா உப்புநீரா என்று எவருக்கும் தெரியாமல் செலுத்தி நடத்திய பாராமெடிக்-2 ஆய்வு 2018-இல் வெளியானது. அட்ரினலின் பெற்றவர்களில் 36 விழுக்காட்டினருக்கு இதயத்துடிப்பு திரும்பியது. உப்புநீர் பெற்றவர்களில் 12 விழுக்காட்டினருக்கு மட்டுமே. மூன்று மடங்கு. ஆனால் 30 நாள் கழித்து உயிரோடிருந்தவர்களை எண்ணினால் 3.2 விழுக்காட்டுக்கும் 2.4 விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாடுதான் மிஞ்சியது. உயிரோடு வீடு திரும்பியவர்களுள் மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள் அட்ரினலின் பிரிவில் 31 விழுக்காடு, மறுபிரிவில் 17.8. தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் நிலையில் மீண்டவர்கள் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவு.

அழைப்பு வந்ததிலிருந்து மருந்து உள்ளே போக அந்த ஆய்வில் 20 நிமிடத்துக்கு மேல் ஆனது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதற்குள் மூளை பட்டினி கிடந்தாயிற்று. அட்ரினலின் இன்னும் நெறிகளில் நீடிக்கிறது, நீடிப்பதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் இதயத்தை மீட்பதும் மனிதரை மீட்பதும் ஒன்றல்ல என்பதை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய ஆய்வு வேறில்லை என்பது என் எண்ணம். அதைச் சொல்லாமல் அட்ரினலினைப் பற்றிப் பேசுவது, கதையின் முதல் பாதியை மட்டும் சொல்லி எழுந்து போவது போன்றது. சுவாசக் குழாயைப் பற்றிய பகுதியில் நான் கொட்டாவி விட்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். தொண்டைக்குள் குழாய் செலுத்துவதற்கும் எளிய மேல்தொண்டைக் கருவிக்கும் இடையே, 9,296 பேரிடம் நடந்த ஏர்வேஸ்-2 ஆய்வு, நல்ல நிலையில் மீண்டவர்கள் 6.8 விழுக்காட்டுக்கு 6.4 விழுக்காடு என்று கண்டு இரண்டையும் சமமாக்கிவிட்டது.

இவ்வளவுக்கும் நேரம் இருந்த வகுப்பில் ஏ.இ.டி. கருவிக்குக் கிடைத்தது 25 நிமிடம். என் மனக்குறையில் பெரும்பங்கு இங்கேதான். இதயம் நின்றுபோகும் தருணத்தில் பலரிடமும் இருப்பது முழு அமைதியல்ல, தாறுமாறான நடுக்கம். அதை நிறுத்தவல்லது மின்னதிர்ச்சி ஒன்றே, அதுவும் வேகமாகக் கிடைத்தால் மட்டுமே. 2000-இல் வேலன்சுவேலா குழுவினர் அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் நடந்ததை எழுதினார்கள். அங்கே எங்கும் கேமரா, எங்கும் காவலர்கள், அவர்களுக்கு இந்தக் கருவியில் பயிற்சி. விழுந்த மூன்று நிமிடத்துக்குள் மின்னதிர்ச்சி பெற்றவர்களில் 74 விழுக்காட்டினர் உயிரோடு வீடு திரும்பினார்கள், அதற்குப் பிறகு பெற்றவர்களில் 49 விழுக்காட்டினர். மேலே நான் அடுக்கிய 6, 7, 9 என்ற எண்களுக்குப் பக்கத்தில் இந்த 74-ஐ வைத்துப் பாருங்கள். பொதுமக்களிலிருந்து தொண்டர்களைத் தேர்ந்து நடத்திய ஆய்வொன்று 2004-இல் வந்தது. அழுத்தம் மட்டும் கற்றவர்கள் இருந்த இடங்களில் 15 பேர் பிழைக்க, அழுத்தத்தோடு ஏ.இ.டி.யும் வைத்திருந்த இடங்களில் 30 பேர் பிழைத்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வொன்றில், சாமானியர் கையாளும் ஒரு கருவிக்கு இப்படி இரட்டிப்பு கிடைப்பது அரிது.

அந்த 25 நிமிடத்திலும் பன்னிரண்டு பேரில் ஐவருக்குத்தான் தகடுகளை ஒட்டிப் பார்க்க வாய்ப்பு வந்தது. நான் ஐந்தாவது ஆள் என்பதால் தப்பித்தேன். பயிற்சிக் கருவியின் குரல் “தகடுகளை ஒட்டவும்” என்று மூன்றாம் முறை சொல்லிக்கொண்டிருந்தபோது, தகட்டின் பின்புறத் தாளை உரிக்க என் விரல்கள் திணறிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் மட்டும் மடிப்பு விட்டிருக்கிறார்கள், அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஏழெட்டு நொடி ஆனது. இப்படிப்பட்ட சில்லறைத் தடங்கல்களைப் பாதுகாப்பான இடத்தில் ஒரு முறை பட்டுத் தெரிந்துகொள்ளத்தானே வகுப்பு? மற்ற எழுவரும் அதைத் தெரிந்துகொள்ளாமலே சான்றிதழ் வாங்கிப் போனார்கள்.

மூன்று பொம்மைகளும் ஆண் நெஞ்சு கொண்டவை, ஏற்கனவே சட்டையில்லாதவை. பெண்களுக்குத் தகடு ஒட்ட உள்ளாடையை விலக்க வேண்டுமா என்ற கேள்வி எழவே இல்லை. விலக்கத்தான் வேண்டும். தகடு தோலில் நேராகப் படிய வேண்டும். 2018-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 விழுக்காட்டினருக்கு அருகிலிருந்தவர்கள் சி.பி.ஆர். செய்திருக்க, பெண்களில் 39 விழுக்காட்டினருக்கே அது கிடைத்திருந்தது. கூச்சம் உயிரைக் குடிக்கும் இடம் இது. சாமானியருக்கான வகுப்பில் இதைப் பேசாமல் வேறெங்கே பேசுவது?

சுழியம் நிமிடம் பெற்ற பகுதி ஒன்றும் உண்டு, அதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலர் அவ்வப்போது வாயைத் திறந்து மூச்சை இழுப்பார்கள், குறட்டை போலவும் கேவல் போலவும் ஓசை வரும். ‘இழுத்துக்கொண்டிருக்கிறது’ என்று நாம் சொல்வோமே, அது. 1992-இல் வந்த ஓர் ஆய்வில் இதயம் நின்றவர்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரிடம் இது இருந்தது. பார்ப்பவர் என்ன நினைப்பார்? மூச்சு வருகிறது, உயிர் இருக்கிறது, தொடக்கூடாது. அங்கேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. அழுத்தக் கற்ற கையை அழுத்த விடாமல் தடுக்கும் காட்சி இது; ஒரு நிமிடக் காணொளியைக் காட்டியிருந்தால் போதும். அழைத்தால் அசைவில்லை, மூச்சு வழக்கம்போல் இல்லை என்றால் உடனே உதவிக்கு அழைத்துவிட்டு, கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக் கீழே வைத்து, அழுத்தத் தொடங்க வேண்டும். மறுமுனையில் இருப்பவர் எண்ணிக்கை சொல்லித் துணை நிற்பார் என்பதும் வகுப்பில் வரவில்லை. 30,381 பேரின் பதிவுகளைக் கொண்டு ஸ்வீடனிலிருந்து 2015-இல் வந்த ஆய்வில், ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே யாராவது அழுத்தத் தொடங்கியவர்களில் 10.5 விழுக்காட்டினரும், எவரும் தொடாதவர்களில் 4 விழுக்காட்டினரும் 30 நாள் கடந்தும் உயிரோடிருந்தார்கள். இது குலுக்கல் முறை ஆய்வல்ல, ஆகவே வேறுபாடு முழுவதையும் அழுத்தத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் மேலே சொன்ன நெஞ்சழுத்த இயந்திரங்களுக்கோ மருந்துக்கோ இவ்வளவு இடைவெளி கிடைத்ததில்லை.

தேர்வில் முப்பது கேள்விகள், எல்லாம் எழுத்தில். அட்ரினலின் அளவைப் பற்றி இரண்டு கேள்விகள் இருந்தன. பொம்மையின் மேல் கை வைத்துக் காட்டச் சொல்லி எவரும் கேட்கவில்லை. பன்னிரண்டு பேரும் தேறினோம். சான்றிதழ் இரண்டு ஆண்டுக்குச் செல்லும். ஆனால் கற்ற கை மூன்று முதல் ஆறு மாதத்திலேயே மங்கத் தொடங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 2019-இல் ஆண்டர்சன் குழுவினர் செவிலியர்களைப் பிரித்துப் பயிற்சி கொடுத்தபோது, மாதம் ஒரு முறை சில நிமிடம் பொம்மையில் பழகியவர்களில் 58 விழுக்காட்டினர் சிறப்பாகச் செய்தார்கள். ஆண்டுக்கு ஒரு முறை பழகியவர்களில் 15 விழுக்காட்டினர் மட்டுமே. இதைச் சுட்டிக்காட்டி, மூன்று மாதம் கழித்து அரை மணி நேரம் வந்து பொம்மையில் பழகிவிட்டுப் போகலாமா, தனியாகக் கட்டணம் தருகிறேன் என்று அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். “உங்க சர்டிஃபிகேட் இன்னும் வேலிட்தான் சார், நீங்க திரும்ப வரத் தேவையே இல்ல” என்றார்.

வேறு வழியில்லாமல், மூன்றரை மாதம் கழித்து, செவிலியர் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் உறவினர் ஒருவரைக் கெஞ்சி, அவர்களுடைய பொம்மையில் இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்தேன். கையை எங்கே வைப்பது என்பதில் தயக்கமில்லை, முழங்கையும் மடங்கவில்லை. சராசரி ஆழம் 44 மில்லிமீட்டர், கடைசி அரை நிமிடத்தில் 39. வேகம் நிமிடத்துக்கு 134. அந்தக் கைதட்டல் என் காதை விட்டுப் போகவே இல்லை.